ஒரே அலைவரிசையில் இரண்டு மைக்

இன்றைக்கு மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. புதிய கார்ட்லெஸ் மைக்கில் ஒரு பொத்தானை அமுக்கினால் பதினாறு அலைவரிசை வருகிறது. ஒன்றில் இரைச்சல் என்றால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். பக்கத்துத் தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து என்று யாரும் யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. அல்சூர் அப்பாதுரையிடமும் அப்படி நாலு செட் இருக்கிறது. நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் வாயைக் கிளறிப் பாருங்கள், அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய, ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் பேசத் தெரிந்த அந்தப் பழைய மைக்கைப் பற்றித்தான் பேசுவான். அதுவும் ரொம்ப நேரம் பேசுவான். பேச்சே வராத மனுஷன் அவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில். வாலிபத்தில் பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றினான். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்தான். ஒரு நாள் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. அதோடு சரி. கையில் இருந்ததைப் போட்டு ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஹாரனும் வாங்கி, வீட்டு முன்னறையையே கடையாக்கினான். அவன் மனைவி மரகதம் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“வீட்ல நாலு வார்த்த பேச மாட்டேங்கிற. நீ ஊருக்கெல்லாம் சத்தம் போடப் போறியா?”

“நான் எங்க பேசப் போறேன். பேசறவங்களுக்குப் போட்டுக் குடுக்கப் போறேன்,” என்றான் அப்பாதுரை. அன்றைக்கு அவன் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அதே தொழிலில் காக்ஸ் டவுனுக்கு அந்தப் பக்கம், ஜீவனஹள்ளியில் கோவிந்தப்பா இருந்தார். கன்னடக்காரர், அப்பாதுரைக்கு நாலைந்து வயது மூத்தவர், தமிழும் தண்ணீர் பட்ட பாடு. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்தபோது, ஒரு மத்தியானம் ஆட்டோவோடு அப்பாதுரை வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆம்ப்ளிஃபயர், ஹாரன், வயர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, “சாமான் என் வீட்ல ராகி மூட்டைக்குப் பின்னால இருக்கும். நீ மட்டும் வெளிய வராதே,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கலவரத்தில் ஒரு மனவருத்தமும் வராத இந்த இரண்டு பேரும், ஒன்றரை வருஷம் கழித்து நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்றால், மைக்குக்கு.

விஷயம் இதுதான். வயர் இல்லாத மைக் என்று ஒன்று வந்ததும் ஊரே அதைக் கேட்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை நடந்துகொண்டே பேச வேண்டுமாம், பாகவதர் கையை வீசிக்கொண்டு கதை சொல்ல வேண்டுமாம். சரியென்று அப்பாதுரையும் வாங்கினான், கோவிந்தப்பாவும் வாங்கினார். ஒரே கடை, ஒரே பெட்டியில் வந்த சரக்கு. இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசை என்பதை விற்றவனும் சொல்லவில்லை, வாங்கினவர்களுக்கும் தெரியாது.

ராமநவமி அன்றைக்குக் கோவிந்தப்பாவின் பந்தலில் ஹரிகதை. பின்தெருக் கல்யாண மண்டபத்தில் அப்பாதுரையின் செட். பாகவதர் சீதையைப் பிரிந்த ராமனின் துக்கத்தைச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்துப் பானகம் குடிக்கத் தலையைத் தூக்கினார். அந்த நேரத்தில் பந்தலின் நாலு ஹாரனிலும் கணீரென்று தமிழில் ஒரு குரல் வந்தது: “ரெண்டாவது பந்திக்குப் பாயசம் பத்தாது. தண்ணி ஊத்து, எவனுக்குத் தெரியப் போவுது.”

மண்டபத்தில் மாப்பிள்ளையின் மாமா, கையில் மைக் உயிரோடு இருப்பதை மறந்து சமையற்கட்டுக்குள் போயிருக்கிறார். பந்தலில் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பாகவதர் எழுந்து போய்விட்டார். கோவிந்தப்பா நேராக மண்டபத்துக்கு வந்து அப்பாதுரையின் காலரைப் பிடித்தார். மாமா வேறு வந்து, பாயசத்தைப் பற்றி வெளியே சொன்னது யார் என்று தன் பங்குக்குக் கத்தினார். கேட்க வேண்டுமா, அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நாள் முகம் பார்க்கவில்லை.

பிறகு ஏரிக்கரை டீக்கடையில் தற்செயலாகச் சந்தித்து, முறைத்து, டீ குடித்து, பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காற்றில் இருப்பது ஒரே ஒரு சந்து. இரண்டு மைக்கும் ஒன்றாக நுழைந்தால் கீச்சென்று விசில்தான் மிஞ்சும். ஒன்று மட்டும் நுழைந்தால் அந்தக் குரல் இரண்டு பேருடைய ரிசீவரிலும் வரும். ஆகவே முதல் ஏற்பாடு, ஒருத்தர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைத்து லைன் விட வேண்டும். இரண்டாவது ஏற்பாடு, லைன் விட்டவர் தன் ரிசீவரின் ஏரியலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்தவன் வீட்டுப் பாயசம் நம் பந்தலில் ஒழுகாது.

அதன்பின் வாரா வாரம் அந்த டீக்கடையில் உட்கார்ந்து நேரத்தைப் பங்குபோட்டார்கள். “எனக்கு ஞாயித்துக்கிழம காலைல நிச்சயதார்த்தம், பதினொண்ணு வரைக்கும் விடு.” “சரி, அப்பறம் எனக்கு ஸ்கூல் டே இருக்குது, பிரின்சிபால் பேசறப்ப நீ கைய வெக்காதே.” சில நாள் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் விழும். இங்கே தாலி கட்டி முடிந்ததும் ஒரு ஆளை சைக்கிளில் அனுப்பி அங்கே தகவல் சொல்ல வேண்டும். அங்கே வாழ்த்துரை நீண்டுவிட்டால் இங்கே நாதஸ்வரக்காரரை இன்னும் ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் என்ன விசேஷம், எந்தப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அந்த இரண்டு பேருக்கும் அத்துப்படி. தெரியாவிட்டால் தொழில் நடக்காது. அப்பாதுரைக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். பதினாறு அலைவரிசை வந்தபிறகு டீக்கடைக்குப் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. கோவிந்தப்பாவின் பேத்திக்குப் பெயர் வைத்ததே அவனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கோபப்படுவான்.

பெர்னார்ட் சார் விஷயம் தொண்ணூற்றாறாம் வருஷத்தில் நடந்தது.

காக்ஸ் டவுனில் மாதா கோயில் மாதிரி உயரமில்லாத, ஓடு வேய்ந்த ஒரு சின்னத் தேவாலயம். அது இருக்கும் அதே தெருவில், கொஞ்சம் தள்ளி, பெர்னார்டின் வீடு. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் செட்டுக்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே அலர்ஜி. எந்த விசேஷமானாலும் வெள்ளைச் சட்டையும் குடையுமாக வந்து நின்று, “சத்தத்தக் கொற, அப்பாதுரை. சாமிக்குக் காது நல்லாத்தான் இருக்கு,” என்பார். குறைத்தபிறகுதான் நகர்வார்.

அப்படிப்பட்டவர் அந்த வருஷம் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வலது கை, வலது கால் போயிற்று, நாக்கும் பாதி போயிற்று. அக்டோபரில் இரண்டாவது தடவை வந்தது. கட்டிலை விட்டு நகர்த்தவே கூடாது என்றார் டாக்டர். நவம்பரில் ஒரே மகள் வீணாவுக்குக் கல்யாணம். தள்ளிப்போடுகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் இடது கையை ஆட்டி ஆட்டி ஒத்துக்கொள்ளவேயில்லை.

ஒரு காலையில் அவர் மனைவி அன்னம்மாள் ஆள் விட்டு அப்பாதுரையை வரவழைத்தாள். எப்போதும் போல அள்ளி முடிந்த கொண்டையும் கஞ்சி போட்ட சேலையும். முகம் மட்டும் மாசக்கணக்கில் தூங்காத முகம். மருந்து கொடுப்பது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் ஒருத்திதான்.

“தம்பி, கோயில்ல பாஸ்டர் ஒரு கேள்வி கேப்பாரு. இந்தப் பொண்ணக் குடுக்கறது யாருன்னு. அதுக்கு இவரே பதில் சொல்லணுமாம். இவரு தம்பி யூஜின் பக்கத்துல நிக்கறாரு, அவரு சொல்லட்டுமேன்னா கேக்க மாட்டேங்கறாரு.”

கட்டிலில் இருந்து பெர்னார்ட் அவனைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

“மைக்கு... எனக்கு,” என்றார்.

அப்பாதுரை அவருடைய இடது கையைப் பார்த்தான். செய்கிறேன் சார் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அவனிடம் இரண்டு கார்ட்லெஸ் மைக், அதே அலைவரிசை. ஒன்று கோயிலில் யூஜின் கையில், போதகர் வாயருகே. இன்னொன்று வீட்டில் பெர்னார்டின் இடது கையில். கோயில் ரிசீவரும் ஸ்பீக்கரும் இரண்டு குரலையும் வாங்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மைக்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு ரிசீவரும் சின்ன ஸ்பீக்கரும் வைத்துவிட்டால், கோயிலில் நடப்பது முழுவதும் பெர்னார்டுக்குக் கேட்கும். போதகர் கேள்வியைக் கேட்டு முடித்ததும் யூஜின் தன் மைக்கை அணைக்க வேண்டும். உடனே பெர்னார்ட் தன் மைக் விசையைத் தட்ட வேண்டும். அவர் முந்தினால் கோயிலில் விசில். கேள்வி காதில் விழாவிட்டால் எப்போது பேசுவது என்றே தெரியாது. பாஸ்டர் நல்ல மனுஷர், காத்திருக்கிறேன் என்றார். ஆனால் யூஜின் பயந்த சுபாவம். “ரொம்ப நேரம் சத்தமே வரலேன்னா நானே சொல்லிடுவேன், அப்பாதுரை. முந்நூறு பேர் முன்னால நிக்க முடியாது,” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதே தெருவில், பெர்னார்ட் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, அன்றைக்கே கர்நாடகம் பிறந்த நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவப் பந்தல். செட் கோவிந்தப்பாவுடையது. அப்பாதுரை போய்ச் சொன்னதும் அவர் மீசையைத் தடவினார்.

“அந்தக் குடைக்காரரா? நம்மள எத்தன வாட்டி சத்தத்தக் கொறைக்கச் சொல்லி உசிர எடுத்திருக்காரு.” பிறகு, “ஆயித்து, நாலரைக்கு லைன் விடறேன். அப்பத்தான் புள்ளைங்களுக்கு பிரைஸ் குடுப்பாங்க, கார்ட்லெஸ் இல்லாம நடக்கட்டும்,” என்றார்.

முந்தின சாயங்காலம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. யூஜின் கோயிலில் ஒன்று இரண்டு மூன்று எண்ண, பெர்னார்டின் கட்டிலருகே துல்லியமாகக் கேட்டது. பெர்னார்ட் கட்டைவிரலால் மைக் விசையைத் தள்ளிப் பழகினார். ‘நான்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் வீணா வெள்ளைச் சேலையில் வந்து அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்னம்மாளும் கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். வீட்டில் பெர்னார்டும் அப்பாதுரையும் மட்டும். அப்பாதுரை கட்டிலருகே இருந்த ரிசீவரின் விசையைத் தட்டினான். உஸ்ஸென்று வெறும் இரைச்சல்.

ரிசீவரின் பின்பக்கம் பார்த்தான். ஏரியல் இல்லை.

அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். வருஷக்கணக்கான பழக்கம். வேலை முடிந்ததும் ஏரியலைக் கழற்று என்று கோவிந்தப்பாவோடு போட்ட ஏற்பாடு கைக்கு அப்படியே படிந்துபோயிருந்தது. நேற்று சோதித்து முடித்ததும் தன்னை அறியாமல் கழற்றி மைக் பெட்டியில் போட்டிருக்கிறான். பெட்டி கோயிலில், பீடத்துப் படிக்குக் கீழே இருக்கிறது. அங்கே இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். கையில் கிடைத்த கம்பியைச் செருகிப் பார்த்தான். அந்தக் காலத்துச் சுவர், அரை ஆள் கனம். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் இருக்கிறது என்று தெரிந்தது, சொல் எதுவும் பிடிபடவில்லை. ஜன்னல் வழியே லேசாக வந்துகொண்டிருந்த பாட்டும் நின்றுவிட்டது. கேள்வி நெருங்கிவிட்டது.

பெர்னார்ட் மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டேன் சார். கேள்வி காதுல விழுந்ததும் விசையத் தள்ளுங்க,” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கதவுகளை அகலத் திறந்து வைத்து, அப்பாதுரை தெருவில் ஓடினான்.

பந்தலில் மஞ்சள் சிவப்புக் கொடிகள். மேடையில் கன்னடச் சங்கத்துக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, ஒன் ரிசீவர்ல ஏரியல மாட்டு.”

“இன்னாத்துக்கு? லைன் விட்டாச்சே.”

“என் ஏரியல் கோயில்ல மாட்டிக்கிச்சு. பெர்னார்ட் சாருக்கு ஒண்ணும் கேக்கல. ஒன் ஹாரன்ல வந்தா ஜன்னல் வழியாக் கேக்கும்.”

கோவிந்தப்பா கொடிகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இளவட்டங்களைப் பார்த்தார்.

“தமிழ்ல வரும் இல்ல,” என்றார் மெதுவாக.

“தமிழ்லதாண்ணா வரும்.”

எந்த மேடையில், எந்த நாளில் கேட்கிறோம் என்று அப்பாதுரைக்குத் தெரியாமல் இல்லை. கேட்டது தப்போ என்று திரும்பிப் போகப் பார்த்தான். அதற்குள் கோவிந்தப்பா எழுந்து, மேடையில் இருந்த வயர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

“நம்ம பீதி ஹுடுகி மதுவே. அப்பா ஹாசிகே மேலித்தாரே. எரடு நிமிஷ.”

நம் தெருப் பெண்ணுக்குக் கல்யாணம், அப்பா படுக்கையில் இருக்கிறார், இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் சொன்னார். யாரோ ஒரு பையன் ஏன் என்று எழுந்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். சங்கத்துச் செயலாளர் பரிசுக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். கோவிந்தப்பா சட்டைப் பையிலிருந்து ஏரியலை எடுத்துத் திருகினார்.

அப்பாதுரை திரும்பி ஓடி வீட்டு கேட்டைத் தொடும்போது தெரு முழுக்கப் போதகரின் குரல் கேட்டது.

“இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்துகொடுக்கிறவர் யார்?”

கிளிக் என்று ஒரு சத்தம். யூஜின் அணைத்துவிட்டார். தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. அப்பாதுரை அறைக்குள் நுழைந்தபோது பெர்னார்டின் கட்டைவிரல் விசையைத் தள்ளியிருந்தது. மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. உதடு இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வரவில்லை. யூஜின் பொறுமை இழந்துவிடுவாரே என்று அப்பாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நா...ன்,” என்றார் பெர்னார்ட்.

வெளியே ஹாரனில் அவர் குரல் லேசான விசிலோடு தெருவில் உருண்டது. பந்தலில் யாரோ கை தட்டினார்கள். ஆயிற்று, இனி லைனை விட வேண்டும் என்று அப்பாதுரை மைக்கை வாங்கக் கை நீட்டினான். பெர்னார்ட் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பழகிப் பார்க்காத சொற்களை ஒவ்வொன்றாக இழுத்தார்.

“நா...னும்... அன்னம்...மாவும்.”

கோயிலில் என்ன நடந்தது என்று யூஜின் பிற்பாடு சொன்னார். மணச் சடங்கில் தாயிடம் எதுவும் கேட்கும் வழக்கம் இல்லை. அன்னம்மாள் இரண்டாம் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் தன் பெயர் வந்ததும் யாரையும் கேட்காமல் எழுந்து பீடத்துக்கு வந்தாள். யூஜின் விலகிக்கொண்டார். மகளின் வலது கையை அவளே எடுத்துப் போதகர் கையில் வைத்தாள்.

இங்கே கட்டிலில் பெர்னார்ட் அழுதுகொண்டிருந்தார். மைக் இன்னும் உயிரோடு இருந்தது. அந்த விசும்பல் கோயிலுக்கும் போயிற்று, பந்தலுக்கும் போயிற்று. போதகர் அடுத்த வார்த்தையைச் சொல்ல, பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொல்ல வேண்டுமானால் இந்த மைக் அணைய வேண்டும். மந்திரி பேச்சையும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சையும் நேரம் முடிந்ததும் ஈவு இரக்கமில்லாமல் அணைத்தவன் அப்பாதுரை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவனால் முடியவில்லை.

பெர்னார்ட் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். தானே கட்டைவிரலால் விசையைக் கீழே இழுத்தார். விளக்கு அணைந்தது.

“அவங்க... பேச...ட்டும்,” என்றார்.